கூரை மேல் பதினொரு ரப்பர் தோட்டம்

டிசம்பர் 1, திங்கள்

இந்த டைரியை ஜனவரியில் உரக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார். மளிகைச் சீட்டு எழுதக் கிழித்தது போக டிசம்பர் மட்டும் முழுசாக மிஞ்சியிருக்கிறது. எழுதத் தொடங்கியதற்கு ஒரே காரணம்தான். நான் வாயைத் திறந்தாலே வீட்டில் சண்டை வருகிறதாம், என் வீட்டுக்காரர் வில்பிரட் சொல்கிறார். சரி, இனி காகிதத்தில் திறக்கிறேன். காகிதம் பாதியில் எழுந்து டீக்கடைக்குப் போகாது.

பெயர் ரோஸ்லெட். வயது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. குலசேகரத்தில் தங்கையன் முதலாளியின் மரச்சாமான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் என் கையில்தான். ரப்பர் மரத்தில் காய்கறி நறுக்கும் பலகை செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். அங்கே அதன் மேல் வெள்ளரிக்காய் நறுக்குகிறார்கள். வெள்ளரிக்காய் எங்கே விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பலகை எங்கே விளைந்தது என்று கேட்கிறார்கள்.

இதுவரை ஒரு சர்டிபிகேட் போதுமாக இருந்தது. காட்டை அழிக்காமல் வெட்டிய மரம் என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறோம், பக்கத்தில் முதலாளியின் அப்பா படம். இப்போது ஐரோப்பாவில் புதுச் சட்டம். ஒவ்வொரு மரமும் நின்ற விளையை, அதாவது தோட்டத்தை, லொக்கேஷனோடு காட்ட வேண்டும். மொத்தம் அறுபத்திரண்டு விளை. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஜனவரி கன்டெய்னர் இங்கேயே கிடந்து செல்லரிக்கும்.

விளைகளில் ரப்பர் மரம் பேசி வெட்டித் தருகிற தரகர்களில் பெரிய தரகர் என் வீட்டுக்காரர். ஆகவே இந்த மாதம் வீட்டிலும் ஆபீசிலும் ஒரே ஆளோடுதான் சண்டை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர். மூன்று பேராக இருந்தோம். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

டிசம்பர் 3, புதன்

தரகர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். விளைக்குப் போங்கள், நடுவில் நில்லுங்கள், லொக்கேஷன் அனுப்புங்கள். மூன்று வாக்கியம். மோசேக்குப் பத்துக் கட்டளை கொடுத்தவருக்கே இந்த ஜனங்கள் கீழ்ப்படியவில்லை, எனக்கா?

செல்லத்துரை அனுப்பிய நான்கு விளையும் திற்பரப்பு அருவிக்குள் இருக்கின்றன. குடும்பத்தோடு குளிக்கப் போனவர் ஞாபகம் வந்து அங்கிருந்தே அனுப்பிவிட்டார். ஆன்றனியின் ஒரு விளை அரபிக்கடலில். போனில் கேட்டால், "பட்டன சரியாத்தான் அமத்தினேன் அக்கா, மாப்ளைக்க வள்ளத்துல கடல்ல இருந்தேன்" என்கிறார்.

வில்பிரட்டின் இருபத்துநான்கும் ஒன்று விடாமல் வந்திருந்தன. அக்டோபரிலிருந்து ஒழுங்காக அனுப்பியிருக்கிறார். இந்த மனுஷன் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஹாம்பர்க்கில் பலகை வாங்குகிறவர்களுக்கு அனுப்பிவிட்டேன். அருவியையும் கடலையும் மட்டும் எடுத்துவிட்டுத்தான்.

டிசம்பர் 4, வியாழன்

மீன் குழம்பில் உப்புப் போட மறந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். எதையோ மறைக்கிறார்.

டிசம்பர் 8, திங்கள்

ஹாம்பர்க்கில் இங்க்ரிட் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். சட்டத்துக்கு ஏற்றபடி எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. கடிதம் எப்போதும் மிக மரியாதையாக இருக்கும், படித்து முடித்ததும் நமக்குத்தான் வியர்க்கும். இன்றைய கடிதத்தின் சாரம் இது: நீங்கள் அனுப்பியவற்றில் பதினொரு ரப்பர் தோட்டங்கள் பத்தடி வட்டத்துக்குள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் ஒரு கான்கிரீட் கூரையாகத் தெரிகிறது. நீலத் தண்ணீர்த் தொட்டியும் உள்ளது. அன்புகூர்ந்து விளக்கவும்.

படத்தையும் அனுப்பியிருந்தார். கூரைதான். தொட்டிதான். பதினொன்றும் வில்பிரட் அனுப்பியவைதான்.

முதலாளியிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு ரோஸ்லெட்டு இவ்வளவு பதட்டம்? அந்தப் புள்ளியள அப்பிடியே வெரலால தள்ளி, பச்சையா இருக்குத எடத்துல வச்சி விடும்."

"பச்சை எல்லாம் ரப்பரா முதலாளி? அது ஆருக்க விளையோ, காடோ. இல்லாதத நான் எழுத மாட்டேன்."

"ஒம்ம வச்சிக்கிட்டு ஒரு பொய்யும் சொல்ல முடியல்ல" என்று அலுத்துக்கொண்டார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

வேலைக்காகத்தான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லை தாண்டி, கேரளத்தில், பாறசாலையில் ஒரு வீடு. மாடிக் கொடியில் துணி காய்கிறது. அதில் ஒன்று சிவப்பு. நைட்டியாக இருக்கலாம், துண்டாகவும் இருக்கலாம். ஆகாயத்தில் அவ்வளவு செலவழித்துக் கேமராவைத் தொங்கவிட்டவர்கள் நைட்டியா துண்டா என்று காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அவருக்கு ஐம்பத்துநாலு வயது. இரண்டு முட்டியிலும் வலி. இரவானால் நான்தான் தைலம் தேய்க்க வேண்டும். இந்த லட்சணத்தில் இரண்டு மாதத்தில் பதினொரு தடவை ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பாறசாலையில் எங்களுக்கு யாரையும் தெரியாது. ஒருத்தியைத் தவிர. அவள் அங்கேதான் இருக்கிறாளா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு விலாசம் போட்டிருந்தது. நான் அதைச் சரியாகப் படிக்கவில்லை. பின்கோடு மட்டும் ஏனோ மனப்பாடமாக இருக்கிறது.

டிசம்பர் 10, புதன்

மரச்சீனிக் கிழங்கும் சாளை மீனும் வைத்து, அவர் முதல் கவளம் வாயில் போட்ட பிறகு கேட்டேன். வாய் நிறைந்திருக்கும்போது மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது.

"பாறசாலையில ஒரு வீட்டு மச்சு மேல பதினொரு ரப்பர் விளை நிக்குது. ஆருக்க விளை அது?"

மென்றுகொண்டே இருந்தார். அத்தனை நேரம் மெல்ல அந்தக் கிழங்கில் ஒன்றுமில்லை.

"எட்டி, விளைக்குள்ள நின்னா சிக்னல் கெடையாது. நான் என்ன, மரத்துக்க மேலயா ஏறி நிக்க முடியும்? அவளுக்க வீட்டுல வைபை உண்டு. காப்பி குடிச்சிட்டு அங்க இருந்து அமத்தி விடுவேன்."

"எவளுக்க வீட்டுல?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

தெரியும். எழுதிவிடுகிறேன். பிரிஸ்கா. எங்கள் மகள்.

போன வருடம் மே மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சஜின், திருவனந்தபுரத்தில் ஒரு ஏற்றுமதிச் சரக்கு ஏஜென்சியில் வேலை. நாங்கள் சி.எஸ்.ஐ., அவர்கள் ஆர்.சி. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே ஏசு, ஒரே பைபிள், இதில் என்ன சண்டை என்பார்கள். வேலித் தகராறு பக்கத்து விளைக்காரனோடுதான் வரும், அமெரிக்காக்காரனோடா வரும்?

ஊரில் அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. ஆர்.சி. என்றதுமா நான் செத்துவிட்டேன்? அவள் முதலில் அப்பாவிடம் சொன்னாள். பிறகு என் நாத்தனாரிடம், பிறகு கூட வேலை பார்த்த பிள்ளைகளிடம். எல்லோரும் கூடித் தேதி குறித்து, எனக்குக் கடைசியில் அச்சடித்த பத்திரிகையாக வந்தது. ஊரெல்லாம் தெரிந்த விஷயம் பெற்றவளுக்குத் தபால் மாதிரி வந்தது. அதுதான் எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது. "இனி எனக்க வாசல்ல காலு வைக்காத" என்று சொல்லிவிட்டேன். பிறந்ததிலிருந்து சொன்ன பேச்சு ஒன்றுகூடக் கேட்காதவள், இதை மட்டும் கேட்டாள்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரத்திலிருந்தே இவர் அங்கே போய் வருகிறாராம். முழுப் பூசணிக்காயை இவர் ஒன்றரை வருடமாகக் கிழங்கில் மறைத்திருக்கிறார்.

"இருவத்திரெண்டாம் தேதி ரெண்டு பேரும் தோஹாவுக்குப் போறாவ" என்றார். "சஜினுக்கு அங்க வேல. மூணு வருசக் கான்ட்ராக்ட்டு. எடையில வர விடமாட்டானுவளாம். அதுக்கு முன்ன ஒரு தடவ..."

"ஒரு தடவ என்ன?"

"ஒண்ணுமில்ல. மீன் நல்லா இருக்குது."

இன்றைக்கும் உப்பு குறைவு. எனக்குத் தெரியும்.

டிசம்பர் 12, வெள்ளி

சர்டிபிகேட் கம்பெனி ஆடிட்டர் வந்தார். கோகுல்நாத், கோயம்புத்தூர்க்காரர், எங்கள் பிரிஸ்கா வயதுதான் இருக்கும். சர்டிபிகேட் உள்ள மரத்தடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துத் தனியாக அடுக்க வேண்டும் என்பது விதி. முதலாளி நேற்றே ஆள் வைத்து, கண்ணில் பட்ட தடிக்கெல்லாம் மஞ்சள் அடிக்கச் சொல்லிவிட்டார். விறகுக்கும் அடித்தார்கள். டைப்பிஸ்ட் பிள்ளையின் முக்காலிக்கும் அடித்தார்கள். நான் காலை ஏழு மணிக்கே வந்து, எது உண்மையான மஞ்சள், எது நேற்றைய மஞ்சள் என்று சாக்பீசால் குறித்து வைத்தேன். முதலாளி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பதினொரு தப்பான புள்ளிகளைப் பற்றி நானே ஆடிட்டரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார், சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

"மேடம், சரியான வெளைகளுக்குப் போய்ப் புதுசா லொக்கேஷன் எடுங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, தப்பான புள்ளி எங்க விழுந்துச்சுங்களோ அங்கயும் நேர்ல போய்ப் பாக்கோணுங்க. அங்க மரம் ஏதும் இல்லைன்னு போட்டோ எடுத்து, படிவம் நெரப்பி வெக்கோணும்."

"அங்க மரம் இல்லன்னு படத்துலயே தெரியுதே சார். மொட்டை மாடி."

"தெரியுதுங்க மேடம். ஆனா யாராச்சும் போய்ப் பார்த்திருக்கோணுமில்லீங்களா?"

"அதுக்குத் தரகரே போதாதா?"

"தரகரு தன்னைத் தானே சரிபார்க்க முடியாதுங்களே. நீங்கதான் போகோணும்."

என் எதிர்ப்பைப் பதிவு செய்தேன். அதிகமாக எதிர்க்கவில்லை. சட்டம் என்று வந்துவிட்டால் நாம் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் 15, திங்கள்

வில்பிரட்டின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஐந்து விளை. என் கணுக்காலில் மூன்று அட்டை. சிக்னல் இல்லாவிட்டாலும் போன் லொக்கேஷனைக் குறித்து வைத்துக்கொள்ளும், வீட்டுக்கு வந்து அனுப்பினால் போதும் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். "அப்படியா?" என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தை நான் நம்பவில்லை.

பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு விளைக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், உள்ளே விடமாட்டேன் என்று நின்றார்.

"எனக்க விளைய ஜெர்மன்காரன் எதுக்குப் பாக்கணும்? அவன் விலைக்குக் கேக்கப் போறானா?"

"இல்லண்ணே. நீங்க காட்ட வெட்டல்லன்னு தெரிஞ்சுக்கிடணுமாம்."

"எனக்க அப்பன் ரப்பர் நட்ட காலத்துல அவன் ஊருல சண்ட போட்டுக்கிட்டு இருந்தான். அவன் வெட்டின காட்டுக்க லொக்கேஷன் ஆரு கேட்டா?"

நியாயம் அவர் பக்கம், படிவம் என் பக்கம். கடைசியில் விட்டார். இளநீரும் வெட்டிக் கொடுத்தார்.

டிசம்பர் 17, புதன்

இன்று ஆறு. பதினொரு விளையும் முடிந்தன. வீடு மட்டும் பாக்கி.

திரும்பும்போது வில்பிரட் சொன்னார்: "அந்த வீட்டு மச்ச நானே போட்டோ எடுத்துத் தாறேன். நீ எதுக்கு அலையணும்?"

"தரகர் தன்னைத் தானே சரிபார்க்க முடியாது."

"எப்பம் போற?"

"சனிக்கிழமை. வேலையாத்தான் போறேன், கேட்டீங்களா? அவகிட்ட ஒண்ணும் சொல்லப்பிடாது. முன்கூட்டியே தெரிஞ்சா அது சரிபார்ப்பு ஆகாது."

வண்டிக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரித்தாரா என்று கேட்டால், முட்டி வலி என்றார்.

டிசம்பர் 18, வியாழன்

புதுப் புடவைக்கு ஓரம் அடித்தேன். சனிக்கிழமைக்காக அல்ல. கிறிஸ்துமசுக்கு.

டிசம்பர் 19, வெள்ளி

மாலை நாலே முக்காலுக்கு இங்க்ரிட் அம்மாளிடமிருந்து மெயில்.

சட்டம் ஒரு வருடம் தள்ளி வைக்கப்பட்டுவிட்டதாம். போன வருடமும் இப்படித்தான் கடைசி நேரத்தில் தள்ளினார்கள். லொக்கேஷன் எதுவும் இப்போதைக்கு வேண்டாம், தப்பான புள்ளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் உழைப்புக்கு நன்றி, கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஆடிட்டரும் ஒரு வரி அனுப்பியிருந்தார். பாக்கிப் படிவங்களை அடுத்த வருட ஆடிட்டில் பார்த்துக்கொள்ளலாமாம். குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்தது.

இரண்டையும் மூன்று தடவை படித்தேன். பக்கத்து அறையில் பலகை தேய்க்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அட்டை கடித்த இடம் இன்னும் அரிக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று எழுதப் போவதில்லை.

இனி நாளைக்கு நான் எதற்காகப் பாறசாலைக்குப் போக வேண்டும்? போக வேண்டிய வேலை எதுவும் இல்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஜெர்மனியில இருந்து வல்லதும் உண்டா?"

"ஒண்ணும் இல்ல முதலாளி" என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. குரல்கூட மாறவில்லை, அதுதான் ஆச்சரியம். முதலாளி தலையாட்டிவிட்டு, மைத்துனர் மகன் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார். இரண்டு மெயிலையும் படிக்காதது போல மாற்றி வைத்தேன். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் படிப்பேன். விடுமுறையில் மனுஷரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

வில்பிரட்டிடமும் சொல்லவில்லை. அவர் வாயில் எது நிற்கும்?

டிசம்பர் 20, சனி

புதுப் புடவைதான் கட்டினேன். பழையவை எல்லாம் ஊறப்போட்டிருந்தன.

களியக்காவிளை தாண்டி, பாறசாலையில் அந்தத் தெருமுனை வந்ததும் வில்பிரட் வண்டியை நிறுத்தினார். டயரில் காற்று இல்லையாம், அடித்துக்கொண்டு வருகிறாராம். டயர் கல் மாதிரி இருந்தது. "நீ போ, நாலாவது வீடு" என்றார். "எனக்கு லொக்கேஷன் தெரியும்" என்றேன்.

ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தேன். நீலத் தொட்டி தூரத்திலேயே தெரிந்தது. இரண்டு வாரமாக மேலிருந்து பார்த்த வீட்டை இன்று கீழிருந்து பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி, திரும்பவும் போட்டு, திரும்பவும் கழற்றினேன். மணியை அமுக்கினேன்.

அவள்தான் திறந்தாள். மெலிந்திருந்தாள். கையில் பெட்டி கட்டுகிற டேப். அவளுக்குப் பின்னால் கூடம் முழுக்கப் பெட்டிகள், ஒன்றின் மேல் தோஹா என்று பெரிதாக எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றரை வருடமாகக் குளியலறையிலும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்த எத்தனையோ வாக்கியங்கள் இருந்தன.

"லொக்கேஷன் வெரிபிகேஷன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஃபைலைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள்.

"மச்சுக்கு இந்தப் பக்கம்" என்றாள்.

மாடிக்குப் போனோம். நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன். தொட்டியையும் எடுத்தேன். கொடியில் இன்றும் சிவப்பாகக் கிடந்தது துண்டும் இல்லை, நைட்டியும் இல்லை, மேசைவிரிப்பு. கைப்பிடிச் சுவரில் படிவத்தை வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஆபீஸ் குரலில் கேட்டேன்.

"இந்த எடத்துல ரப்பர் மரம் வல்லதும் நிக்குதா?"

"இல்ல."

"முன்ன நின்னதுண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"இஞ்ச வசிக்கிறவங்க பேரு?"

"பிரிஸ்கா. சஜின்."

எழுதினேன். அவள் பேரை நான் காகிதத்தில் எழுதி நாளாகிவிட்டது, இந்த டைரியை விட்டால். அடுத்து ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. சரிபார்ப்பவருக்கு இந்த இடத்தில் வசிப்பவரோடு உறவு ஏதேனும் உண்டா? உண்டு, இல்லை, இரண்டில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். உண்டு என்றால் என்ன உறவு என்று எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள்.

பேனா அங்கேயே நின்றது. அவள் எட்டிப் படித்தாள். கீழே யாரோ சஜினைக் கூப்பிட்டுப் பெட்டி எடை போடச் சொன்னார்கள்.

"அம்மா" என்றாள். "அந்தச் சட்டம் ஒரு வருசம் தள்ளிப் போச்சு. நேத்தே சஜினுக்க ஆபீஸுக்கு மெயில் வந்தாச்சு."

"தெரியும் மக்ளே" என்றேன்.